இணைப்புக்குத் தேர்வான நூலகம்

கேசரி கிண்டி, தூக்குவாளியில் மூடி வைத்தாயிற்று. வாசலில் பேனர் கட்டியாயிற்று. ஈரத்துணியில் சுற்றிய ரோஜா மாலை ஒன்று என் மேசைமேல் இருந்தது. எங்கள் நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று காலையிலிருந்து காத்திருந்தோம். மாலை கம்ப்யூட்டருக்கா, அதைக் கொண்டு வருகிற அதிகாரிக்கா என்பதை மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். சரக்கு ஏற்றுகிற இடத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் குதித்தார்கள். அவர்கள் கையில் கம்ப்யூட்டர் இல்லை. மடித்த கோணிப் பைகள் இருந்தன.

டிரைவர் பேனரை அண்ணாந்து பார்த்தார். "இன்னா மேடம், பேனர்லாம் கட்டிகீறீங்க? எதுனா பங்சனா?"

"உங்களுக்குத்தான்பா காலைலேருந்து வெயிட் பண்ணிகினு கீறோம்" என்றார் மாசிலாமணி. அவர் எங்கள் வாசகர் வட்டத் தலைவர். பேனரில் நூலகத்தின் பெயரைவிட அவர் பெயர் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

"எனக்கா? இத்தினி வருசமா வண்டி ஓட்டிகினு கீறேன், ஒருத்தன் ஒரு டீ வாங்கிக் குட்த்ததில்ல" என்று டிரைவர் கழுத்தை நீட்டினார். மாசிலாமணி யோசிக்கிற ஆள் இல்லை. மாலையைப் போட்டுவிட்டார். நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

மாலையைச் சரிசெய்துகொண்டு டிரைவர் கேட்டார். "செரி அண்ணாத்தே, பொஸ்தகம்லாம் எங்க கீது? மூட்ட கட்லாமா?"

ஒரு சிறிய விளக்கம்

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருவர் போன வாரம் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "நூலகர்னு சொல்றீங்க, ஆனா புத்தகத்தப் பத்தியே எழுத மாட்டேங்கறீங்களே?" நியாயம்தான். ஆனால் நூலகருக்குப் புத்தகத்தோடு இருக்கிற சகவாசம் குறைவு. படிவங்கள், பட்டியல்கள், ஒழுகுகிற கூரை, 'பார்வையில் காணும்' என்று தொடங்கும் அலுவலகக் கடிதங்கள், இவற்றோடுதான் வாழ்க்கை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சும்மா உட்கார்ந்து படித்துக்கொண்டே இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்துச் சேர்ந்த கடைசி ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் நூலகம் அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். ஒரே ஒரு ஹால். நூலகம் ஆவதற்கு முன்னால் அது ரேஷன் கடையாக இருந்தது. சுண்ணாம்பு அடித்தோம், சாம்பிராணி போட்டோம், ஒரு தடவை பினாயிலில் கழுவியும் விட்டோம். மண்ணெண்ணெய் வாசனை போகவில்லை. சுவரிலிருந்து அலமாரிக்குப் போய், அலமாரியிலிருந்து புத்தகத்துக்கும் போய்விட்டது. எங்கள் நூலகத்துப் புத்தகம் திருடு போனால் மோப்ப நாய் தேவையில்லை.

பழைய ஆட்கள் இன்னமும் மறந்துபோய்ப் பையோடு வருவார்கள். "சக்கர வந்துட்ச்சா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் கொஞ்ச நேரம் பேப்பர் படித்துவிட்டுப் போவார்கள். எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் அப்படிச் சேர்ந்தவர்கள்தான்.

மீதிப் பாதி, பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். அவர்களில் ஒருத்தி ரேவதி.

ஓரத்து நாற்காலி

ரேவதிக்கு முப்பது தாண்டிச் சில வருடம். இரண்டு பிள்ளைகள். கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை. அதில் மாமியார், மாமனார், டிவி எல்லாம் சேர்ந்து இருந்தார்கள். டிவியை அணைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை என்று ஒரு தடவை சொன்னாள். புகாராகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வெங்காயம் சேர்ப்பதில்லை என்று சிலர் சொல்வார்களே, அந்த மாதிரி.

ரயில்வே வேலைக்கான பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். பலமுறை எழுதியாயிற்று. அடுத்து வரும் பரீட்சைதான் கடைசி. அதற்கப்புறம் வயது தாண்டிவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராக வந்து ஓரத்து நாற்காலியில் உட்காருவாள். சாப்பாட்டு வேளைக்கு நான் கதவைப் பூட்டும்வரை எழுந்திருக்க மாட்டாள். மதியம் பிரம்மாண்டமான சத்தத்தோடு மாசிலாமணி பேப்பரை மடித்தால்கூடத் தலை நிமிராது.

"ஏன் ரேவதி, ஆவடில பெரிய நூலகம் இருக்கே, ஏ.சி.கூட உண்டு" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"லைப்ரரிக்குப் போறேன்னா அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மேடம். தெருமுனைதானே. ஆவடிக்குப் போறேன்னா எதுக்கு, யார் கூட, எப்போ வருவன்னு ஆரம்பிச்சிடுவாங்க. அதுக்குப் பதில் சொல்ற நேரத்துல நான் பத்து கணக்குப் போட்டுடுவேன்."

எங்கள் ஹாலில் அந்த ஓரத்து நாற்காலி இருக்கும்வரைதான் அவளுக்குப் பரீட்சை என்பது எனக்குப் புரிந்தது.

இணைப்பு எங்கே?

வண்டிக்கும் கோணிப் பைக்கும் வருவதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இணைப்பு.

எங்கள் நூலகத்தில் பல வருடங்களாக இந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். வார இதழோடு இலவசமாக வரும் குட்டிப் புத்தகம். சமையல் இணைப்பு, ராசிபலன் இணைப்பு, வீட்டு வைத்திய இணைப்பு. இதழ் மேசைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போய்விடும். "மேடம், இணைப்பு எங்கே?" என்று ஒருவர் கேட்பார். "வரலை" என்பேன். "அட்டையில இணைப்பு இலவசம்னு போட்டிருக்கே?" என்பார். யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், பக்கத்தில் பையை அணைத்துக்கொண்டு பேப்பர் படிப்பவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார்.

அலுவலகக் கடிதங்களில் அது வேறு. கடிதத்தின் அடியில் 'இணைப்பு' என்று போட்டு, கூட என்னென்ன தாள்கள் வைத்திருக்கிறோம் என்று எழுத வேண்டும். எதுவும் வைக்காவிட்டால் 'இல்லை' என்றாவது எழுத வேண்டும். சும்மா விட்டால் கடிதம் திரும்பி வரும்.

வீட்டில் இணைப்பு என்றால் கரண்ட், தண்ணீர், கேஸ். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் "இணைப்பு குடுத்துட்டாங்க" என்று லட்டு கொடுத்தார். பாதாளச் சாக்கடைக்கு.

இத்தனை அர்த்தமும் போதாதென்று மேல் அலுவலகம் இன்னும் ஒன்றை வைத்திருந்தது. அது எங்களுக்குத் தெரியாது.

மானியம் என்பது மேலிருந்து வருவது

மானியம் பற்றி எனக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. மானியம் என்பது நாம் கேட்டது அல்ல, யாரோ நாம் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தது.

ஒரு தடவை மானியத்தில் எங்களுக்குப் பட்டுப்புழு வளர்ப்பு பற்றிய நூல்கள் வந்தன. ஒரே நூல், பல பிரதிகள். அண்ணனூரில் பட்டுப்புழு கிடையாது. ரயில் பெட்டி நிறுத்துகிற ஷெட்தான் இருக்கிறது. எங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து அனுப்பினால் தாமதமாகும் என்பதால் எல்லோருக்கும் பட்டுப்புழு அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை இரும்பு பீரோ வந்தது. சாவி தனி மானியத்தில் வரும் என்றார்கள். பீரோ இன்னமும் பூட்டியே இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை என்றுதான் நம்புகிறோம்.

அதனால்தான் புதிய மானியம் பற்றிச் சுற்றறிக்கை வந்தபோது நான் நம்பவில்லை. ஆனால் படிக்கப் படிக்க எனக்கே ஆசை வந்துவிட்டது. மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போட்டுக் கொடுக்கும் மானியம். மாவட்டத்துப் பொது நூலகங்களையெல்லாம் கம்ப்யூட்டர் வழியாக ஒன்றோடொன்று சேர்ப்பார்கள். எல்லோருக்கும் ஒரே பட்டியல், ஒரே உறுப்பினர் அட்டை. பூந்தமல்லியில் இருக்கும் புத்தகத்தைப் பட்டாபிராமில் உட்கார்ந்து கேட்கலாம், கொண்டு வந்து கொடுப்பார்கள்.

சொல்லப்போனால் இது எங்களுக்குப் புதிதில்லை. அம்பத்தூர் கிளையில் இருக்கும் புத்தகம் இங்கே ஒருவருக்கு வேண்டுமென்றால், அங்கே வேலைக்குப் போகிற வாசகரிடம் சொல்லிவிடுவேன். அவர் அந்தக் கிளையில் தன் அட்டையில் எடுத்து, சாப்பாட்டுப் பையில் போட்டு, சாயங்கால லோக்கல் ரயிலில் கொண்டுவந்து தருவார். சில புத்தகங்களில் தயிர் சிந்தியிருக்கும். மற்றபடி குறையொன்றும் சொல்ல முடியாது. இதையே அரசாங்கம் தயிர் இல்லாமல் செய்யப்போகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

விண்ணப்பித்தோம். மறந்தும் போனோம். பிறகு ஒரு கடிதம் வந்தது.

மாசிலாமணி அதை என் கையிலிருந்து வாங்கி நடு ஹாலில் நின்று வாசித்தார். 'தங்கள் நூலகம் இணைப்புக்குத் தேர்வு செய்யப்பட்டுள்ளது. உரிய நாளில் வாகனம் வந்து சேரும். நூலகர் தக்க ஒத்துழைப்பு நல்கிட வேண்டும்.' அடியில், 'இணைப்பு: இல்லை.'

மேலே இணைப்பு உண்டு, கீழே இணைப்பு இல்லை. அரசாங்கக் கடிதம் படித்துப் பழகியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

"நம்ம லைப்ரரிக்கு இணைப்பு வந்துட்ச்சு!" என்று மாசிலாமணி கத்தினார்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "போன வாரத்துதா, இந்த வாரத்துதா?"

வாகனம் வரும் என்று போட்டிருந்ததால் கம்ப்யூட்டர் அதில்தான் வரும் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். நானும்தான். அதற்காக மேசையைத் துடைத்து, விரிப்புப் போட்டு, இடம் ஒதுக்கி வைத்தேன். மாசிலாமணி ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் கொண்டாடிய முதல் பெரிய விஷயம் இதுதான். 'இணைப்பு பெறும் நம் நூலகம்!' என்று பேனர் அடித்தார். கேசரி அவர் வீட்டம்மா செய்தது. முந்திரி தாராளம்.

மூட்டை கட்டலாமா?

மறுபடி வண்டிக்கு வருவோம்.

"மூட்டையா? இன்னாத்துக்கு மூட்ட?" என்றார் மாசிலாமணி.

டிரைவர் மாலைக்கு அடியில் கையை விட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "இத பாரு அண்ணாத்தே. இங்கேருந்து பொஸ்தகம், ரேக்கு, மேச, சேரு, அல்லாத்தையும் ஏத்திகினு போயி ஆவடி பெரிய லைப்ரரில எறக்கணும். அவ்ளோதான் நம்மகிட்ட சொன்னது. கம்ப்யூட்டர்லாம் எனக்குத் தெரியாது."

கூட வந்த இரண்டு பேரும் நல்ல வேலைக்காரர்கள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முதல் அலமாரியில் கை வைத்துவிட்டார்கள். ஒருவர் பையை விரித்துப் பிடிக்க, இன்னொருவர் வரலாற்றை உள்ளே தள்ளினார்.

அப்போது ரேவதி எழுந்தாள். கேசரிக்கும் எழுந்திருக்கவில்லை, கைதட்டலுக்கும் எழுந்திருக்கவில்லை. இப்போது எழுந்து, நோட்டை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், அப்போ நாங்க எங்க உக்கார்றது?"

சத்தமாகக் கேட்கவில்லை. குரலில் அழுகை இல்லை. உண்மையிலேயே எனக்குப் பதில் தெரிந்திருக்கும், சொல்லிவிட்டால் அங்கே போய் உட்காரலாம் என்று நினைத்துத்தான் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், ஆனால் வந்தால் போகாது.

"பைய கீழ வைங்க" என்றேன் அவர்களிடம். மேல் அலுவலகத்துக்கு போன் போட்டேன். எங்கள் கோப்பைப் பார்க்கும் பிரிவு உதவியாளர் எடுத்தார். மரியாதையான மனிதர், எனக்குப் பழக்கம்.

"சார், அண்ணனூர்லேருந்து பேசறேன். வண்டி வந்திருக்கு."

"வந்துடுச்சா மேடம்? சந்தோஷம். ஏத்தி அனுப்பிடுங்க."

"எங்களுக்குக் கம்ப்யூட்டர் வருதுன்னு நெனச்சோம் சார்."

"கம்ப்யூட்டர் ஆவடிக்கு மேடம். நீங்களும் ஆவடிக்கு."

"லெட்டர்ல இணைப்புன்னுதானே போட்டிருக்கு?"

"அதேதான் மேடம். உங்கள ஆவடியோட இணைக்கறோம்."

பொறுமையாக விளக்கினார். மானியத்துக்கு நிபந்தனை இருக்கிறதாம். ஹால் சின்னதாக இருந்தால் கம்ப்யூட்டர் கொடுக்க முடியாது. அப்படிப்பட்ட கிளையைப் பக்கத்திலுள்ள பெரிய கிளையோடு சேர்த்துவிட்டால் நிபந்தனை பூர்த்தியாகிவிடும். பெரிய ஹால்களைக் கம்பியால் இணைப்பது, சின்ன ஹால்களை வண்டியில் ஏற்றி இணைப்பது. இரண்டுக்கும் கோப்பில் ஒரே தலைப்பு.

நூலகங்களைச் சேர்ப்பதற்கு வந்த மானியத்தில் ஒரு நூலகத்தை மூடுகிறார்கள். அதை ஒருவர் எனக்கு அன்பாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"அதாவது மூடறீங்க" என்றேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க மேடம். மூடறதுன்னா அதுக்கு வேற உத்தரவு வேணும். இது இணைப்புதான்."

என் புத்தி விழித்துக்கொண்டது அந்த 'ஐயோ'வில்தான்.

ஒரு சொல், ஒரு தாள்

அரசாங்கத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அங்கே உத்தரவை எதிர்த்துச் சண்டை போட்டால் மெமோ வரும். அழுதால் ஆறுதல் வரும். ஊர்க்காரர்களைத் திரட்டினால் போலீஸ் வரும். ஆனால் உத்தரவு புரியவில்லை, விளக்கம் வேண்டும் என்று மரியாதையாக எழுதிக் கேட்டால் எல்லாமே நின்றுவிடும். அதற்குத் தெளிவுரை கோருவது என்று பெயர். தெளிவுரை வரும்வரை கீழே இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம், யாரும் கேட்க முடியாது. தெளிவுரை தர வேண்டுமானால் மேலே யாராவது ஒருவர் முடிவெடுத்து, அதை எழுதி, அடியில் தன் பெயரைப் போட வேண்டும். அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை.

"சார், லெட்டர்ல ஆவடின்னு ஒரு எழுத்துகூட இல்ல. இணைப்புன்னு மட்டும் இருக்கு. எந்த இணைப்புன்னு எனக்குப் புரியல. நான் தெளிவுரை கேக்கப்போறேன்."



"மேடம்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அவசரப்படாதீங்க மேடம். வாயால சொன்னாப் போதாதா?"

"வாயால சொன்னத வண்டில ஏத்த முடியாது சார்."

போனை வைத்துவிட்டு அங்கேயே எழுதினேன். 'பார்வையில் காணும் கடிதத்தில் இணைப்பு எனக் குறிப்பிடப்பட்டுள்ளது கணினி இணைப்பையா அல்லது நூலகத்தை மூடி வேறு நூலகத்தோடு சேர்ப்பதையா எனத் தெளிவுரை வழங்கிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.' பணிந்து என்பதை விடக் கூடாது. எவ்வளவு பணிகிறோமோ அவ்வளவு கஷ்டப்படுவார்கள். அடியில் 'இணைப்பு: இல்லை' என்று போட்டேன். போடும்போது சிரிப்பு வந்துவிட்டது.

டிரைவருக்குத்தான் கவலை. "காலி வண்டியா போனா ஓனர் என்னிய உண்டு இல்லேன்னு ஆக்கிடுவாரு மேடம்."

"வண்டி வந்துச்சுன்னு உங்க சீட்டுல கையெழுத்துப் போட்டுத் தரேன். உத்தரவு புரியல, அதனால ஏத்தலைன்னும் எழுதறேன்."

"அப்போ எம்மேல தப்பில்ல?"

"உங்க மேல இல்ல. யார் மேலயும் இல்ல. அதான் இதுல விசேஷமே."

தபாலில் போட்டால் எப்போது போய்ச் சேருமோ என்று மாசிலாமணிக்குப் பதற்றம். "நானே கொண்டுகினு போறேன்" என்று கிளம்பினார். நடந்து போவானேன் என்று அந்த வண்டியிலேயே ஏறிக்கொண்டார். டிரைவர் அவரை ஆவடி ஸ்டேஷனில் இறக்கிவிட்டதாகவும், அங்கிருந்து ரயில் பிடித்துத் திருவள்ளூர் போய், சாப்பாட்டு நேரம் முடியும்வரை மேல் அலுவலக வாசலில் நின்று, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொண்டு வந்ததாகவும் பிறகு சொன்னார். நூலகத்தை ஏற்றிப் போக வந்த வண்டி எங்கள் கடிதத்தை ஏற்றிப் போனது.

போவதற்கு முன் மூன்று பேரும் கேசரி சாப்பிட்டார்கள். வரலாற்றை மூட்டையில் போட்டவர் தானே எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினார். தலைகீழாக அடுக்கினார், பரவாயில்லை.

ரேவதியின் தட்டு அவள் பக்கத்தில் ஆறிப்போய் இருந்தது. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நிலுவையில் ஒரு நூலகம்

அதன்பிறகு நடந்தவை எனக்குச் சாமர்த்தியசாலி என்ற பெயரை வாங்கித் தந்தன. உண்மையில் அந்த மாதங்கள் எனக்கு நன்றாக இல்லை. வாசலில் எந்த வண்டி நின்றாலும் எழுந்து போய்க் கோணிப் பை இருக்கிறதா என்று பார்த்தேன். தண்ணீர் கேன் போடுகிறவரைப் பார்த்துக்கூடப் பயந்தேன்.

நாங்கள் இப்போது அண்ணனூர்க் கணக்கா, ஆவடிக் கணக்கா என்று தெரியாததால் எங்களுக்குப் பேப்பர் வருவது நின்றது. வார இதழ்களும் நின்றன. இணைப்பு எங்கே என்று கேட்கிறவர்களுக்கு இதழே எங்கே என்று கேட்க வேண்டிய நிலைமை. மாசிலாமணி தன் வீட்டுப் பேப்பரைக் கொண்டுவந்து போட்டார். பட்டாபிராமிலிருந்து வேலைக்குப் போகும் ஒரு வாசகர், ரயிலில் படித்து முடித்த பேப்பரைச் சாயங்காலம் இங்கே இறங்கி வைத்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தார். பழைய செய்திதான். எங்கள் ஆட்கள் அதையும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுச் சண்டை போட்டார்கள்.

பிரிவு உதவியாளர் இரண்டு முறை கூப்பிட்டார். "மேடம், அந்த லெட்டர வாபஸ் வாங்கிக்கறீங்களா? ஃபைல் எங்க போனாலும் திரும்பி எங்கிட்டயே வருது."

"தெளிவுரை வந்ததும் வாங்கிக்கறேன் சார்."

"மூடறோம்னு எழுத யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க மேடம். கம்ப்யூட்டர் தர்றோம்னு எழுதவும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

பாவமாக இருந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு தலை குனிந்தபடி இருந்தது. அதைப் பார்த்தால் இவர் மேல் வந்த இரக்கம் கொஞ்சம் குறைந்தது. அவளுக்கு அந்தப் பரீட்சை முடிகிறவரையாவது இந்த ஹால் இருக்க வேண்டும். அதற்கப்புறம் வேண்டுமானால் என்னையும் மூட்டையில் போட்டுக்கொண்டு போகட்டும் என்று கர்த்தரிடம் பேரம் பேசினேன். பேரம் பேசக் கூடாது என்று எங்கள் போதகர் சொல்வார். அவருக்கு மேல் அலுவலகம் கிடையாது.

பரீட்சை வந்தது. ரேவதி போய் எழுதிவிட்டு வந்தாள். "பரவால்ல மேடம்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அன்று எனக்கு இரவுச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

தெளிவுரையும் வந்தது. ஒரு பக்கக் கடிதம், பல பிரிவுகளின் சுருக்கொப்பம் ஓரத்தில். விஷயம் ஒரே வரி. 'தங்கள் கடிதத்தில் கோரியவாறு தெளிவுபடுத்தப்படுவது யாதெனில், இணைப்பு என்பது இணைப்பையே குறிக்கும்.'

மாசிலாமணி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். "இன்னா மேடம் சொல்றானுங்கோ?"

"நாம கேட்டதையே சொல்றாங்க."

"அப்போ நமக்கு நல்லதா, கெட்டதா?"

"தெரியலைன்னு மறுபடி எழுதலாம்" என்றேன். எழுதினேன். ஆனால் அதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று. நிதியாண்டு முடிந்தது. செலவாகாத மானியம் வந்த வழியே திரும்பிப் போனது. எங்களுக்குக் கம்ப்யூட்டரும் இல்லை, வண்டியும் இல்லை. சில வாரங்களில் பேப்பர் தானாக வர ஆரம்பித்தது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நூலகம் பிழைத்தது. மாசிலாமணி இன்னொரு பேனர் அடிக்கலாமா என்று கேட்டார், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

கையில் பை இல்லாமல்

ரிசல்ட் வந்த வாரம் ரேவதி வரவில்லை. வராததிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் உறுதியாகிவிடும்.

அடுத்த வாரம் ஒருநாள் வந்தாள். வழக்கமாகத் தோளில் தொங்கும் கைடு மூட்டை இல்லை. என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"போச்சு மேடம். கொஞ்சத்துல போச்சு."

அடுத்த தடவை என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த தடவை கிடையாது. இவ்வளவு சாமர்த்தியம் செய்து, பணிந்து பணிந்து கடிதம் எழுதி, மாதக்கணக்கில் ஒரு நாற்காலியைக் காப்பாற்றினேன். அதில் உட்கார்ந்தவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. நூலகர் மேசையில் உட்கார்ந்து அழுவதற்கு விதி இல்லை என்பதால் மூக்கைச் சிந்தினேன்.

"உக்காரு ரேவதி. டீ சொல்லட்டுமா?"

"வேணாம் மேடம்." திரும்பி அலமாரிகளைப் பார்த்தாள். "மேடம், இங்க கதைப் புக்குலாம் எந்தப் பக்கம் இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. "இத்தன வருஷமா வர்றே, உனக்குத் தெரியாதா?"

"அந்தப் பக்கம் பாக்கவே மாட்டேன் மேடம். பாத்தா எடுக்கத் தோணும். பாஸ் பண்ணிட்டு ஒண்ணொண்ணா படிக்கலாம்னு வெச்சிருந்தேன்."

எழுந்து போய்க் காட்டினேன். விரலை ஒவ்வொரு முதுகாக வைத்துக்கொண்டே போனாள். ஒன்றை உருவி, முதல் பக்கத்தை நின்றபடியே படித்தாள். நல்ல தடிமனான நாவல்.

"கார்டு போட்டுத் தரேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

"வீட்டுல எங்க மேடம் படிக்கறது? இங்கயே படிக்கிறேன்." கொஞ்சம் தயங்கினாள். "பரீட்சை இல்லாதவங்க இப்படி தினம் வந்து உக்காரலாம் இல்ல?"

"வா" என்றேன்.

உட்கார்ந்தாள். மதியம் பூட்டுகிற நேரம் வந்தது. மாசிலாமணி பேப்பரை மடித்துவிட்டுப் போனார். ரேவதி ஏதோ ஒரு பக்கத்தில் தனியாகச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். நான் சாவியைக் கையில் எடுக்கவில்லை.